குளூட்டன் துரையின் பேக்கரி

எங்கள் கொட்டகலைக் கடைவீதியில் "கோதுமை இல்லாத பேக்கரி" என்று ஒரு பலகை ஏறியபோது, முதல் இரண்டு வாரம் ஊர் மொத்தமும் அதை ஒரே மாதிரித்தான் வாசித்தது. பேக்கரியில் மா தீர்ந்துவிட்டது, கடைக்கார அம்மா நேர்மையாக அதை எழுதிப் போட்டிருக்கிறார் என்று. ஊரைக் குறை சொல்லவும் முடியாது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை என்று கடைக்குக் கடை அட்டை தொங்கிய காலத்தை அப்போதுதான் கடந்து வந்திருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்து, "மா எப்பங்க வரும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் எதிர்ப் பேக்கரிக்குப் போய்விடுவார்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அந்தக் கடைக்கார அக்காவுக்கு வாய் வலித்ததோ இல்லையோ, பக்கத்தில் நின்ற எனக்கு வலித்தது. எனக்கு அந்தக் கடையில் எந்த உத்தியோகமும் கிடையாது. நான் பாடசாலையில் சுகாதாரப் பாடம் எடுக்கிற டீச்சர். வீடு கடைவீதிக்குப் பின்னால். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் அங்கே போய் நின்றுவிடுவேன். அந்தக் கடை நிலைத்து நிற்க வேண்டும் என்று அதன் சொந்தக்காரியைவிட நான்தான் அதிகம் தவித்தேன். காரணம் என் மகள்.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூன்று வருடமாக வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, இரத்தச் சோகை. அவள் வயதுப் பிள்ளைகளெல்லாம் விறுவிறுவென்று வளர, இவள் மட்டும் நான்காம் வகுப்புப் பிள்ளை மாதிரி நின்றுவிட்டாள். பூச்சி மருந்து கொடுத்தோம். திருநீறு மந்திரித்துப் போட்டோம். நான் சுகாதார டீச்சர் என்பதை இந்த இடத்தில் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கடைசியில் கண்டியில் ஒரு டாக்டர்தான் இரத்தம் எடுத்து, குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, சீலியாக் என்று நோய்க்குப் பெயர் சொன்னார். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இவளுடைய குடலுக்கு ஆகாது. துளி போனாலும் குடல் புண்ணாகும், சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது, வளர்த்தி நிற்கும். இதற்கு மருந்து கிடையாது. ஆயுசு முழுக்கக் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் மருந்து.

கண்டியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது. இங்கே வந்து சொல்லிப் பார்க்கட்டும். காலையில் ரொட்டி. இடைவேளைக்குக் கட்டிக்கொண்டு போவது ரொட்டி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து வந்து களைப்பாறத் தேத்தண்ணியோடு தின்பது ரொட்டி. மா என்றாலே எங்கள் பக்கம் கோதுமை மாதான், மற்ற மாவுக்குத்தான் முன்னால் ஒரு பெயர் சேர்க்க வேண்டும். கோதுமை சாப்பிடாத பிள்ளை என்று சொன்னால், சோறு தண்ணி இல்லாமல் வளர்கிற பிள்ளை என்று சொன்ன மாதிரிப் பார்த்தார்கள்.

சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். "கொஞ்சூண்டு தின்னா என்னாகப் போகுது?" என்பதுதான் இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடிக்காத கேள்வி. ஒரு பெரியப்பா, இது ஆட்டா மா, இரத்தத்தில் சீனி கூடிய சீனி வருத்தக்காரர்களே சாப்பிடுவது, பயப்படாமல் கொடு என்றார். என் நாத்தனார் ஒருநாள் ஆசை ஆசையாக உப்புமா கிண்டி எடுத்து வந்தாள். கோதுமைதானே கூடாது, இது ரவை என்றாள். ரவை எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். "ரவை ரவையிலருந்துதான் வருது" என்றாள். நான் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இவர்களோடெல்லாம் மல்லுக்கட்டுவதுகூடப் பெரிதில்லை. மகள் இடைவேளையில் தனியாக உட்கார ஆரம்பித்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் ரொட்டியைப் பிய்த்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும்போது, இவள் டப்பாவைத் திறந்து அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுக்கக் கூச்சப்பட்டாள். பிறகு டப்பாவையே கொண்டுபோகாமல் விட்டாள். பசிக்கவில்லையாம். அவளும் என் பாடசாலையில்தான். அவளுடைய வகுப்பைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரு கும்பலாக இருக்க, இவள் மட்டும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டாமல் இருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் இந்த அக்கா வந்தார். பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். சைப்பிரஸில் ஒரு வீட்டில் பதினான்கு வருடம் சமையல் வேலை. அந்த வீட்டு அம்மாவுக்கும் இதே நோய்தான். அவருக்காக அரிசி மாவில், மரவள்ளி மாவில் பாண் சுடப் பழகி, ஊருக்குத் திரும்பியபோது அந்த ஒரு கைத்தொழிலைக் கொண்டுவந்தார். வீட்டில் எல்லோரும் போன் கார்டு விற்கிற கொமியூனிகேஷன் கடை போடு, சலூன் போடு என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்கவில்லை. இந்த ஊரில் யார் வந்து வாங்குவார்கள் என்று நம்பி இதை ஆரம்பித்தீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன். "ஒரு புள்ளைக்காவது இருக்கும்லங்க டீச்சர்" என்றார். அந்த ஒரு பிள்ளை என் வீட்டில் இருந்தாள்.

முதல் நாள் அரிசி மாவும் குரக்கன் மாவும் கலந்த ஒரு பனிஸை மகள் கையில் வாங்கியதை என்னால் மறக்க முடியாது. பிய்த்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், நடுவில் காரமான கட்டைச் சம்பலை வைத்து மூடி, கடைவாசலில் நின்றபடியே தின்றாள். இன்னொன்று கேட்டாள். அவள் எதையும் இன்னொன்று கேட்டு மூன்று வருடமாகியிருந்தது. மறுநாளிலிருந்து டப்பா திரும்பவும் பள்ளிக்கூடம் போனது. மற்றப் பிள்ளைகள் அவளிடம் பிய்த்துக் கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

அதனால்தான் பலகை விஷயத்தில் நானே மூக்கை நுழைத்தேன். "கோதுமை இல்லாத" என்பதுதான் குழப்புகிறது, அறிவியல் பெயரையே போட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னேன். அக்கா நம்பி, "குளூட்டன் இல்லாத பேக்கரி" என்று புதுப் பலகை எழுதி மாட்டினார். மாட்டிய அன்றே தோட்டத்து மேல்பிரிவிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு, மரியாதையாகத் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு கேட்டார்: "குளூட்டன் தொரை எந்தத் தோட்டத்துலம்மா இருந்தாரு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாருக்கெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள்தானே. குளூட்டன் துரையும் அதில் ஒருவர், இந்தப் பேக்கரி அவருடையது, இப்போது அவர் இல்லை. செத்துவிட்டாரா, சீமைக்குப் போய்விட்டாரா என்பதுதான் பெரியவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் கரும்பலகை இல்லாத குறையாகப் புரதம், குடல், நோய் எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, நல்ல மனுசனாக இருந்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கடைவீதி முழுக்க அது குளூட்டன் துரை கடைதான். ஆட்டோக்காரர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் வழி தெரியும்.

அக்காவிடமும் எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது. தினமும் நாலு மணிக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது, எதிர்ப் பேக்கரியில் ஒரு மாலுப் பனிஸ் வாங்கி, தன் கடையின் பின்படியில் உட்கார்ந்து தின்பார். சுத்தமான கோதுமை மா, உள்ளே மீன். ஊருக்கெல்லாம் கோதுமை இல்லாமல் சுட்டுக் கொடுக்கிறவர் இதைத் தின்னலாமா என்று கேட்டால் சிரிப்பார். இந்த அரிசிப் பாண் தனக்குத் தொண்டையில் இறங்காதாம். சைப்பிரஸிலேயே பதினான்கு வருடம் மாலுப் பனிஸ் கனவாகத்தான் இருந்ததாம். தின்று முடித்துக் கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவி, வேறு உடுப்பு போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார். அதையும் நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் மனதுக்குள் ஒரு முள்.

பனிஸ் வந்தும் மகளுக்கு வயிற்று வலி முழுதாக விடவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்புவாள். புண் ஆற நாளாகும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். எங்கள் வீடுகளில் வயிற்று வலிக்கு என்ன செய்வோமோ அதைச் செய்வேன். வெந்நீரில் பெருங்காயமும் உப்பும் கலந்து ஒரு டம்ளர். முகத்தைச் சுளித்து வேண்டாம் என்பாள். அதட்டிக் குடிக்க வைப்பேன். பகல் சோற்றுக்கு அதே பெருங்காயம் மணக்க ஒரு ரசம்.

ஆறு மாதம் கழித்துக் கண்டிக்குப் போனோம். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். நோயைக் காட்டுகிற எண் இறங்கவே இல்லை. எடையும் ஏறவில்லை. எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது, தேடிப் பிடியுங்கள், இப்படியே போனால் இவள் வளர்கிற வயது தாண்டிவிடும் என்றார். மகள் என் பக்கத்தில் இருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, தான் இனி உயரமாகவே மாட்டாளா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கினிகத்தேனை தாண்டுவதற்குள் எனக்கு யார் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது. அந்த மாலுப் பனிஸ்.

மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே கடைக்குப் போனேன். அந்தி நேரம், ஹட்டன் பஸ்ஸும் நுவரெலியா பஸ்ஸும் வந்து நிற்கிற நேரம், கடைவாசலில் பத்துப் பதினைந்து பேர். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "பனிஸ் தின்ன கையோடதானே என் புள்ளைக்கு மா பெசையுறீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன். கோதுமை இல்லையென்று பலகை போட்டு ஊரை ஏமாற்றுகிறீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற தொண்டை எனக்கு. எதிர்ப் பேக்கரியில் வேலை செய்கிறவர்கள்கூட வெளியே வந்து நின்று கேட்டார்கள். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார், கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுகிறேன் டீச்சர் என்று. பிறகு கண்ணாடிப் பெட்டியின் விளக்கை அணைத்தார்.

நான்கு நாள் கடை திறக்கவில்லை. எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை காலை. மகள் டியூசனுக்குப் போயிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் அக்கா நிற்கிறார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். அவர் கேட்டது வேறு. "உங்க குசினிய ஒருக்கா பாக்கலாங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் குசினியையா? இந்த வீட்டுக்குள் கோதுமை நுழைந்து ஒரு வருடமாகிறது. சட்டி புதுசு, கரண்டி புதுசு, அரிதட்டு புதுசு. என் கணவருக்கு ரொட்டி வேண்டுமென்றால் வெளியே தின்று, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும். பிஸ்கட்டிலிருந்து சோயா மீட் வரைக்கும் ஒவ்வொரு பையையும் திருப்பி வாசித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். நன்றாகப் பாருங்கள், ஆசை தீரப் பாருங்கள் என்று குசினிக் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

அவர் சட்டியைப் பார்க்கவில்லை, மா டின்னைப் பார்க்கவில்லை. பெருங்காயம் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சின்ன டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், சுற்றித் திருப்பி, பொடி எழுத்தில் அச்சடித்திருந்த ஒரு சொல்லுக்குக் கீழே நகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இங்கிலீசு வாசிக்க வராதுங்க டீச்சர். இந்த ஒரு சொல்லு மட்டும் தெரியும்."

நான் வாசித்தேன். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். கோதுமை மா என்று இருந்தது. பெருங்காயத்துக்கு முன்னால், முதல் ஆளாக இருந்தது. பிசினாக இருக்கும் பெருங்காயத்தைத் தூளாக்க மாவைத்தான் கலக்கிறார்களாம். மருந்து மாதிரி நான் கொடுத்ததில் முக்கால்வாசி அதுதான்.

அக்கா தன் கதையைச் சொன்னார். சைப்பிரஸுக்குப் போன புதிதில், அந்த வீட்டு அம்மாவுக்கு வயிறு சரியில்லை என்று, ஊரிலிருந்து கொண்டுபோன பெருங்காயத்தைப் போட்டு ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு வீட்டார் டப்பாவைப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். பதினான்கு வருடம் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு அந்தச் சொல் தெரியும். நான்கு நாள் கடையைப் பூட்டி வைத்துவிட்டு, தன் கையில்தான் தப்போ என்று ஒவ்வொரு சாமானாகக் கழுவி யோசித்துக்கொண்டிருந்தபோது இது ஞாபகம் வந்ததாம். நேற்று இரவெல்லாம் தூங்கவில்லை, வந்து சொல்லவும் பயமாக இருந்தது என்றார். என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்.

எனக்கு யாராவது ஒருவர் மேல் கோபப்பட வேண்டும் போலிருந்தது. டப்பா செய்தவன் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். அவன் தெளிவாகத்தான் அச்சடித்திருந்தான். என்ன தின்னக்கூடாது என்று என்னிடம் இருந்த பட்டியல் மேல் கோபப்பட்டேன். அதை எழுதியவருக்கு ரசம் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. பிஸ்கட் பையைத் திருப்பிய எனக்கு இதைத் திருப்பத் தோன்றவில்லை, ஏனென்றால் இது சாப்பாடு இல்லை, வயிற்றுக்கு நல்லது. எட்டாம் தரத்துப் பிள்ளைகளுக்கு லேபல் வாசிக்கச் சொல்லித் தருகிற டீச்சர் நான்.

பகலுக்கு மேல் மகள் வந்தாள். அக்கா இன்னும் போகவில்லை, நான்தான் இருக்கச் சொன்னேன். அவரை வைத்துக்கொண்டே மகளிடம் சொன்னேன். டப்பாவையும் காட்டினேன். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். புத்தகப் பையைக்கூட இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேன்லம்மா. இதக் குடிச்சாத்தான் வலி கூடுதுன்னு."

சொன்னாள்தான். ஒரு தடவை இல்லை, பல தடவை. குடிக்காமல் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நான் மூக்கைப் பிடித்து ஊற்றியிருக்கிறேன். பையை இறக்கி வைத்துவிட்டு அவள் அக்காவிடம் திரும்பி, வேறு எதிலாவது இருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. இருவருமாக அலுமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நான் அடுப்பங்கரையில் சும்மா நின்றேன்.

திங்கட்கிழமை கடை திறந்தது. அதே பஸ் நேரத்துக்குப் போய், அதே இடத்தில் நின்று, அதே தொண்டையில், தப்பு என்னுடையது, அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். கேட்டார்கள். ஆனால் முதலில் சொன்னது போன வேகத்தில் இது போகவில்லை. மாதக் கணக்கில் என் காதிலேயே வந்து விழுந்தது, குளூட்டன் துரை கடையில் கள்ளத்தனமாகக் கோதுமை கலக்கிறார்கள் என்று. பஸ் தரிப்பில் ஒரு அம்மா என்னிடமே சொன்னார். யார் சொன்னது என்றேன். ஒரு டீச்சரே சொன்னாராம். அந்த டீச்சர் நான்தான், நான் சொன்னது தப்பு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இல்லைங்க. அது வேற டீச்சர். ரொம்பப் படிச்சவங்களாம்." அதற்கு மேல் நான் என்ன செய்வது? அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடை எப்படியோ நிற்கிறது. சீனி வருத்தக்காரர்கள் வருகிறார்கள், உடம்பு குறைக்கிறவர்கள் வருகிறார்கள், தூரத்திலிருந்து எப்போதாவது ஒல்லியான ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் வருகிறாள். மகளுடைய எண் இறங்கிவிட்டது. போன வருடத்துச் சீருடை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. சந்தோஷம்தான். டாக்டரே சந்தோஷப்பட்டார்.

ஆனால் என் மகள் இப்போது நான் கொடுக்கிற எதையும் அப்படியே வாயில் வைப்பதில்லை. கடைப் பொருள் என்றால் பையைத் திருப்பி வாசிக்கிறாள். சமைத்தது என்றால் தட்டின் முன்னால் உட்கார்ந்து, கையைக் கழுவிக்கொண்டு, என்னம்மா போட்டீங்க இதுல என்று கேட்கிறாள். பாசமாகத்தான் கேட்கிறாள், குத்திக் காட்டவில்லை, பழகிவிட்டது. எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா இது என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். அதை அப்படியே விழுங்கிவிட்டு, உப்பு, புளி, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை என்று ஒன்றையும் விடாமல் ஒப்பிக்கிறேன். முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் அவள் சோற்றில் கை வைக்கிறாள்.